ஸராத்தா பாலத்தில் எண்பது

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்ற அந்தத் தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுக்கு வயது பதினொன்று. லுங்கா ஸ்டேஷனுக்கும் ப்ருனி ஸ்டேஷனுக்கும் நடுவே, ஸராத்தா ஓடைப் பாலத்தையும் அதன் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தூரம். பாலத்தில் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் உளுத்துவிட்டன, புதுக் கட்டை வரும்வரை மெதுவாகப் போங்கள், ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி ஓர் இஞ்சினியர் மஞ்சள் அறிவிப்புத் தட்டுகளை நட்டுவிட்டுப் போனார். அவர் பென்ஷன் வாங்கி, பேரன் எடுத்து, பல்செட் கட்டியும் ஆயிற்று. கட்டை மட்டும் வரவில்லை.

அந்தப் பகுதியின் கேங் மேஸ்திரி ப்ருனிக்காரரான ஆவ்ராம். தண்டவாளம், கட்டை, ஜல்லி எல்லாவற்றையும் அவரும் அவருடைய நாலு ஆட்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டை கேட்டு வருஷம் தவறாமல் கடிதம் எழுதினார். வருஷம் தவறாமல் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டே ஒரு மனிதனைக் கிழவனாக்கிவிட முடியும் என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

இதில் அவர் தப்பு துளியும் இல்லை. ஆனால் ஊர் வாய் இஞ்சினியரையா தேடிப் போகும்? மகள் ஸோரினா லுங்காவில் படித்த காலத்தில், வண்டி பாலத்தை நெருங்கி ஊரும்போது பையன்கள் கீழே குதித்து, கரையோரத்தில் பிளம் பழம் பறித்துக்கொண்டு, ஓடி வந்து கடைசிப் பெட்டியில் ஏறுவார்கள். ஏறிய கையோடு, "உங்க அப்பா இன்னும் ஆணி தேடிக்கிட்டு இருக்காராடி?" என்று பழம் தின்றுகொண்டே கேட்பார்கள். ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, "நம்ம பாலம் வந்தாலே எனக்கு ஜன்னலை மூடிக்கணும் போல இருக்குப்பா" என்றாள். பதினாறு வயதுப் பெண் வாய் தவறிச் சொன்னது. அவள் மறுநாளே மறந்துவிட்டாள். ஆவ்ராம் மறக்கவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. திமிஷோவாரா நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை வருவாள். எக்ஸ்பிரஸ் பாலத்தில் ஊரும் நேரத்துக்கு ஆவ்ராம் கரையில் நின்று தொப்பியைத் தூக்குவார். அவள் ஜன்னலில் தலையை நீட்டி, கை ஆட்டிவிட்டு, மணிக்கட்டைத் தட்டி நேரமாகிறது என்று கிண்டல் காட்டுவாள். அவரும் சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

ஆகஸ்ட் கடைசியில், எதிர்பாராமல் கிடைத்த சீதனம் மாதிரி, ஒரு சரக்கு வண்டி நிறையப் புது ஓக் கட்டை வந்து இறங்கியது. யாருடைய கவனத்திலிருந்து எப்படிக் கழன்று வந்ததோ தெரியாது. ஆவ்ராம் யாரையும் கேட்கவுமில்லை, கேட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். மூன்று வாரம் ஐந்து பேரும் வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் மாட்டைப் போல் உழைத்தார்கள். நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது.

"பதினெட்டாம் தேதி சனிக்கிழமை வரேன்பா. ரயில்ல வர்றது இதுதான் கடைசி. அடுத்த மாசம் கார் வந்துடும். உங்க பாலத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுடலாம்."

ஆவ்ராம் கட்டை வந்த சேதியைச் சொல்லவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். ஒரே ஒரு தரம், அவள் உட்கார்ந்திருக்கும் வண்டி அந்தப் பாலத்தில் மற்ற பாலங்களில் போவது போலப் போக வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவருக்கு அந்த மாதத்தில் வேறு ஆசை இல்லை.

வேலை பதினாறாம் தேதி வியாழக்கிழமை முடிந்தது. புது இஞ்சினியர் வந்து, அளந்து, தட்டி, குனிந்து பார்த்து, எண்பதில் போகலாம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஆவ்ராம் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நாளையிலேர்ந்து வண்டிங்க எண்பதுல போகும், இல்லைங்களா சார்?"

"நாளைக்கா? ஏடு இருபத்தொண்ணாம் தேதிதானே மாறும்? பதினோரு வருஷம் பொறுத்தாச்சு, இன்னும் அஞ்சு நாள் பொறுக்க மாட்டீங்களா அண்ணே?" என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் காரில் ஏறிப் போய்விட்டார்.

அதுதான் சிக்கல். எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று பத்து நாளுக்கு ஒரு முறை ஓர் ஏடு அச்சாகி வரும். டிரைவர் அதை டிப்போவில் கையெழுத்துப் போட்டு வாங்கி, எஞ்சினில் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். தண்டவாள ஓரத்தில் மஞ்சள் தட்டும் நிற்கும். ஏடும் தட்டும் வேறு வேறாகச் சொன்னால், எது மெதுவோ அதற்குத்தான் கீழ்ப்படிய வேண்டும். பத்து நாளுக்கு நடுவில் ஏதாவது மாறினால், வண்டி நிற்கும் ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர் கைப்பட இரண்டு பிரதி உத்தரவுத் தாள் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இதையெல்லாம் ஓடி ஓடிச் செய்வார்கள். கூட்டுவதற்கு யார் மெனக்கெடுவார்கள்? அடுத்த ஏட்டில் தானாகப் போய்விடப் போகிறது.

ஆவ்ராம் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுங்காவுக்குப் போனார். அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் ஒட்டிலியா அம்மாள். சிவப்புத் தொப்பி கோணாமல், காலர் பட்டன் கழலாமல் இருப்பவர். பச்சை மையில் கையெழுத்துப் போட்ட டிரைவரைத் திரும்பக் கூப்பிட்டு நீல மையில் போட வைத்தவர் என்று பெயர். ஆவ்ராம் ஒரு பாட்டில் பிளம் ஜாமை மேஜை மேல் வைத்தார்.

"அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு விஷயத்தைச் சொல்லுங்கண்ணே" என்றார் ஒட்டிலியா அம்மாள்.

ஆவ்ராம் சொன்னார். மகள் வருவதையும் சொன்னார். அந்த ஜன்னல் பேச்சை மட்டும் சொல்லவில்லை.

"கன்ட்ரோல் ஆபீஸ்லேர்ந்து எனக்குச் செய்தி வரணும். செய்தி இல்லாம நான் ஒரு புள்ளி கூட வெக்க மாட்டேன். உங்க பொண்ணு என்ன, என் பொண்ணே அந்த வண்டியில வந்தாலும்."

"இஞ்சினியர் சொன்னாத்தானே கன்ட்ரோல் சொல்லும். அவரு அசைய மாட்டேங்கறாரேம்மா."

ஒட்டிலியா அம்மாள் பேனாவை மூடினார். அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொடாமல் பக்கம் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"கட்டுப்பாடு நீங்கினதும் தட்டுகளை உடனே எடுக்கணும்னு இதுல இருக்கு. உடனேன்னுதான் இருக்கு. அடுத்த ஏடு வரும்போதுன்னு இல்லை. தட்டை எடுத்தா எடுத்த விவரத்தை இஞ்சினியர் கன்ட்ரோலுக்குச் சொல்லியாகணும். அதுவும் இதுலயே இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. புத்தகத்தைப் படிச்சேன், அவ்வளவுதான்."

ஆவ்ராம் எழுந்தார். ஜாம் பாட்டிலை எடுக்க மறந்துவிட்டார். ஒட்டிலியா அம்மாளும் ஞாபகப்படுத்தவில்லை.

சாயங்காலத்துக்குள் மஞ்சள் தட்டுகள் பிடுங்கியாயிற்று. ஒன்றின் மேல் பதினோரு வருஷப் பறவை எச்சம் வெள்ளையடித்த மாதிரி இருந்தது. பிடுங்கிய கையோடு ஆவ்ராம் இஞ்சினியருக்குப் போன் போட்டு, விதிப்படி எடுத்தாயிற்று, விதிப்படி தகவல் சொல்கிறேன் என்றார்.

"யாரு உங்களுக்கு இந்த விதியெல்லாம் சொல்லிக் குடுக்கறது?"

"நமக்கு யாரு சொல்லித் தரப் போறாங்க சார். படிப்பு வாசனையே இல்லாதவன்."

இரவு எட்டு மணிக்கு லுங்காவுக்குக் கன்ட்ரோல் செய்தி வந்துவிட்டது. இனி இருபதாம் தேதி வரை அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் தாள் எழுத வேண்டும். கை வலிக்கும் வேலை. ஒட்டிலியா அம்மாள் புதுக் கார்பன் தாளைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சர் வண்டியின் டிரைவர் ஒலிம்பியு. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று லுங்காவிலிருந்து போனில் சேதி வந்தது. ஆவ்ராம் பாலத்தருகே போய் நின்றார். தூரத்தில் வண்டி வேகமாகத்தான் தெரிந்தது. முன்பு தட்டு நின்ற இடம் வந்ததும் பிரேக் கிறீச்சிட்டது. அப்புறம் வண்டி வழக்கம் போல ஊர்ந்து, பாலத்தின் மேல் ஏறி, இறங்கி, ஊர்ந்தபடியே போயிற்று. எஞ்சின் ஜன்னலில் ஒலிம்பியு, ஒரு கையில் ரொட்டி, மறு கையை ஆட்டிக்கொண்டே போனான்.

ஆவ்ராமுக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. ஒற்றைத் தடம் என்பதால் எதிர் வண்டிக்காகப் பாசஞ்சர் ப்ருனியில் முக்கால் மணி நேரம் நிற்கும். சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போனார். ஒலிம்பியு எஞ்சின் படியில் உட்கார்ந்து, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பைக் கத்தியால் வெட்டி வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தான்.

"ஏய், தாள் குடுத்தாங்களா இல்லையா?"

"குடுத்தாங்க. அந்தம்மா ரெண்டு தரம் படிச்சும் காட்டிச்சு."

"என்ன போட்டிருக்கு அதுல?"

"எண்பது."

"அப்புறம் எதுக்குய்யா சவ ஊர்வலம் மாதிரி வந்தே?"

"எண்பதுக்கு மேல போகாதேன்னுதான் போட்டிருக்கு. எண்பதுல போயே தீரணும்னு எங்க போட்டிருக்கு?" ஒலிம்பியு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான். "உக்காரு. கோவத்துல உனக்கு மூச்சு வாங்குது. பதினோரு வருஷமா நான் அந்த எடத்துலதான் ரொட்டி திங்கறேன். தட்டு இருக்கோ இல்லையோ, கை தானாப் பிரேக்குக்குப் போயிடுது."

"அது மட்டுந்தானா?"

ஒலிம்பியு கத்தியைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகும் மடக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"கேட்டதால சொல்றேன், வருத்தப்படாதே. போன வருஷம் உன் பாலத்துக்கு அடியில மீன் பிடிச்சேன். அண்ணாந்து பார்த்தா கட்டையோட ஓட்டை வழியா வானம் தெரிஞ்சுது. நேத்து வரைக்கும் பதினஞ்சு. இன்னைக்கு ஒரு காகிதம் வந்து எண்பதுங்குது. காகிதம் எழுதறவங்க யாரும் என்கூட எஞ்சின்ல வர்றதில்லை. எனக்குப் பின்னால அத்தனை பேரு ஒக்காந்திருக்காங்க."

ஆவ்ராம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதற்கும் உதவாமல் போய்விட்டன. அவன் இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்போம் என்று அவருக்கே தோன்றியது. அது இன்னும் வலித்தது.

"நாளைக்கு எக்ஸ்பிரஸ் யாரு?"

"நான்தான்."

"அதுல ஸோரினா வர்றா."

"தெரியும். உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டா."

"காகிதத்தை நம்ப வேணாம். கட்டையை நான் என் கையால போட்டேன். நாளைக்கு நீ வரும்போது நான் பாலத்துக்கு அடியில நிப்பேன். நீ எண்பதுல வா."

ஒலிம்பியு அவரையே பார்த்தான். பாலம் கட்டியவன் முதல் வண்டி ஓடும்போது அடியில் போய் நிற்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆனால் அதெல்லாம் கப்பல் போகிற ஆறுகளில் பெரிய பெரிய பாலம் கட்டியவர்கள் செய்த காரியம்.

"பன்னெண்டு மீட்டர் ஓடைப் பாலத்துக்கா?"

"ஆமா. பன்னெண்டு மீட்டருக்குத்தான்."

ஒலிம்பியு கத்தியை மடக்கிப் பையில் போட்டான். பிறகு கொழுப்புப் பிசுக்கோடு கையை நீட்டினான். ஆவ்ராம் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்" என்றான் ஒலிம்பியு. "குடை எடுத்துட்டு வா. நம்ம பெட்டிங்களோட கக்கூஸ் எல்லாம் கீழதான் தெறக்கும்."

சனிக்கிழமை மத்தியானம் வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிய கணவரை வியோரிக்கா வாசலில் மடக்கினாள்.

"மழையே இல்லை, குடை எதுக்குங்க?"

"வரும்."

"பொண்ணு வர்ற நாளுல ஸ்டேஷனுக்குப் போகாம மறுபடியும் அந்தப் பாலத்துக்கா?"

"நீ போய்க் கூட்டிட்டு வா. பிளம் உருண்டை ஆறிடாமப் பார்த்துக்கோ."

ஓடைக்கு வந்து பார்த்தால், அவருடைய நாலு ஆட்களும் லீவு நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு தண்ணீரின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒலிம்பியு சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க எதுக்குடா வந்தீங்க?"

"பாதி ஆணி நாங்க அடிச்சது மேஸ்திரி" என்றான் ஒருவன். "விழுந்தா உங்க ஆணியா எங்க ஆணியான்னு அப்பத்தானே தெரியும்."

ஐந்து பேரும் பாலத்துக்கு அடியில் கூழாங்கற்கள் மேல் போய் நின்றார்கள். அண்ணாந்தால் புதுக் கட்டைகள், தார் வாசனை இன்னும் போகவில்லை. ஆவ்ராம் குடையை விரித்தார். ஒரு குடைக்குள் ஐந்து தலை நுழையாது. இருந்தாலும் நெருங்கி நின்றார்கள். பாலம் தாங்கும் என்பதில் ஆவ்ராமுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒலிம்பியுவின் கை தானாகப் பிரேக்குக்குப் போய்விடுமோ என்பதுதான் பயம்.

தண்டவாளம் முதலில் பாடியது. பிறகு தூரத்தில் சத்தம். இந்நேரம் தட்டு இருந்த இடத்துக்கு வந்திருப்பான், இப்போது கிறீச்சிடும் என்று ஆவ்ராம் பல்லைக் கடித்துக் காத்திருந்தார். கிறீச்சிடவில்லை. ஒரு நீள ஹாரன் மட்டும் கேட்டது. அடுத்த நொடி தலைக்கு மேல் இடி இறங்கியது போல வண்டி வந்தது, இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி அடித்தது, கூழாங்கற்கள் காலடியில் நடுங்கின, மூச்சு விடுவதற்குள் போயும்விட்டது. கட்டை ஒன்று கூட முனகவில்லை. ஓடைச் சத்தம் மறுபடி கேட்டது. குடை மேல் நாலு சொட்டு எதுவோ விழுந்திருந்தது. அது என்ன என்று யாரும் ஆராயவில்லை.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சட்டைப் பையிலிருந்து பிளம் சாராயக் குப்பியை எடுத்தான்.

ஆவ்ராம் இரண்டு வாய் குடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இன்று மகள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கை ஆட்டினாளோ என்னவோ. மேலே நின்றிருந்தாலும் அந்த வேகத்தில் தெரிந்திருக்காது. கடைசி ரயில் பயணம், அதில் கரையில் அப்பன் இல்லை. அடடா என்று மனசு ஒரு சுற்று வாடியது. அதற்குள் போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?" ஸோரினாவின் குரல் மூச்சிரைத்தது. "நான் ப்ருனி பிளாட்பாரத்துல நிக்கறேன். பெரிய பெட்டி வண்டியோடயே போயிடுச்சு. கோட்டு கூடக் கையிலதான் இருக்கு. கடைசி நிமிஷம் குதிச்சு எறங்கினேன்."

"ஏன், என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆச்சா? எப்பவும் நம்ம பாலம் வந்ததுக்கு அப்புறந்தானே எந்திரிச்சுப் பெட்டியை எறக்குவேன். இன்னைக்கும் இதோ வரும், இதோ வரும்னு ஒக்காந்துட்டே இருந்தேன். பார்த்தா வண்டி ப்ருனியில நிக்குது. பாலம் வரவே இல்லைப்பா."

ஆவ்ராம் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அப்பா, கேக்குதா?"

"கேக்குது. சரியாக் கேக்கலை. கடைசியாச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லு."

"பாலம் வரவே இல்லைங்கறேன். பெட்டியில அம்மாவுக்கு வாங்கின கேக் இருக்கு, நீங்க என்னடான்னா..." அவள் பேச்சு பாதியில் நின்றது. பிளாட்பாரத்தில் வியோரிக்கா ஏதோ கேட்பது போனில் கேட்டது. அப்புறம் அவள் குரல் மெதுவாக வந்தது. "அப்பா. சரி பண்ணிட்டீங்களா?"

ஆவ்ராம் தலைக்கு மேலிருந்த கட்டைகளைப் பார்த்தார். அவை கலங்கித் தெரிந்தன. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை, ஒன்றில் போன், ஒன்றில் குடை.

"பண்ணிட்டோம்மா" என்றார். "பெட்டியை ஒலிம்பியு சாயங்காலம் கொண்டாந்துடுவான். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."